உடன் வாழும் கிருமிகளும் சீழ்க்கட்டியும்

கதிர் அறுக்கும்போது அரிவாள் நுனி பட்டு விரலில் சிறு கீறல் விழுகிறது. துணியைச் சுற்றிக்கொண்டு வேலை தொடர்கிறது. மூன்றாம் நாள் விரல் வீங்கிச் சிவந்து விண்விண்ணென்று தெறிக்கிறது. பின்னர்ச் சீழ் கோக்கிறது. பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்து நல்லேப்பிள்ளி போன்ற வேளாண் ஊர்களில் பணிபுரிவோர்க்கு இது புதிதன்று. சேற்றிலிருந்து கிருமி புகுந்ததென்று கூறுவது வழக்கம். (இரணஜன்னிக் கிருமி மண்ணில் உறைவது மெய்யே, அது வேறு.) ஆயின் சீழ் பிடிக்கச் செய்த கிருமி பல வேளைகளில் அம்மனிதரின் மூக்கிலும் தோலிலும் நெடுநாள் தீங்கின்றிக் குடியிருந்ததேயாம்.

ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரத்து அறுவை மருத்துவர் அலெக்சாந்தர் ஆக்ஸ்டன், கட்டிகளிலிருந்து எடுத்த சீழை நுண்பெருக்கியின்கீழ் ஆராய்ந்து, குலைகுலையாகத் திரண்ட உருண்டைக் கிருமிகளைக் கண்டார். 1880-இல் பெர்லினில் கூடிய அறுவை மருத்துவர் பேரவையில் இதனை அறிவித்தார். 1882-இல் அவர் இட்ட பெயரே ஸ்டாபிலோகாக்கஸ். கிரேக்க மொழியில் ‘ஸ்டாபிலே’ என்பது திராட்சைக்குலை. இவ்வினத்துள் ‘ஆரியஸ்’ என்னும் வகை, நலமுடைய மக்களுள் ஏறத்தாழப் பத்தில் மூவர் மூக்கில் வாழ்கிறது. அவர்கள் அதனை உணர்வதேயில்லை.

தோல் கிழிந்தவுடன் நிலைமை மாறுகிறது. உள்ளே புகுந்த கிருமி, குருதி நீரை உறையச் செய்து தன்னைச் சுற்றி அரண் எழுப்பிக்கொள்கிறது. எதிர்க்க வந்த வெள்ளணுக்கள் மடிந்து சீழாகின்றன. கட்டியின் நடுவே இரத்தக் குழாய்கள் இல்லாமையால், உட்கொண்ட மருந்து அங்கே போதிய அளவு சென்று சேர்வதில்லை. அதனாலேயே சிறந்த மருந்துகள் உள்ள இந்நாளிலும் கட்டியைக் கீறிச் சீழை வெளியேற்ற வேண்டியுள்ளது. வீட்டில் பிதுக்கினால் அரண் உடைந்து கிருமி உட்புறம் பரவக்கூடும்.

பெருங்குடலில் வாழும் பாக்டீராய்டீஸ் பிராஜிலிஸ் இன்னும் வியப்புக்குரியது. குடற்கிருமிகளுள் அது சிறுபான்மையே. எனினும் குடல்வால் வெடித்து வயிற்றறையில் உண்டாகும் கட்டிகளில் அடிக்கடி காணப்படுகிறது. அதன் மேலுறையிலுள்ள சர்க்கரைப் பொருளை மட்டும் பிரித்து, கிருமி நீக்கிய குடற்பொருளுடன் எலிகளின் வயிற்றறையில் செலுத்தியபோதும் கட்டி தோன்றியது! உயிருள்ள கிருமியே அங்கு இல்லை.

ஆசிரியர்கள் கருத்தில் கொள்ளவேண்டியது காது. மாதக்கணக்கில் காதில் சீழ் வடியும் பிள்ளையை ‘வயதானால் சரியாகும்’ என்று விட்டுவிடுகிறோம். நடுச்செவிக்கும் மூளைக்கும் இடையே மெல்லிய எலும்புத் தகடு ஒன்றே உள்ளது. அது அரிக்கப்பட்டால், வாயிலும் தொண்டையிலும் அமைதியாக வாழும் கிருமிகளும் மூளையில் கட்டியை உண்டாக்கும். கிளாஸ்கோ மருத்துவர் வில்லியம் மக்யூவன், மூளைக்கட்டி கண்ட 19 பேருக்கு அறுவை செய்து 18 பேரைக் காப்பாற்றியதாக 1893-இல் எழுதினார். பெனிசிலின் அறியப்படாத காலம் அது. காலத்தே கண்டறிந்து சீழை வடித்ததே அவ்வெற்றிக்குக் காரணம்.

காது வடியும் பிள்ளைக்குக் கடுந்தலைவலி, வாந்தி, அளவுகடந்த தூக்கம், வலிப்பு இவற்றுள் ஒன்று தோன்றினும், காதில் எண்ணெய் விட்டுக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்கு அனுப்புக.