ஒரு கண்ணை மூடினால்தான் தெரியும்

கிள்ளானிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “என் மகன் முதலாம் ஆண்டு படிக்கிறான். பள்ளியில் கண் பரிசோதனை செய்யப் போகிறார்களாம். தூரத்தில் வரும் பேருந்தின் எண்ணை எனக்கு முன்னால் அவன் சொல்லிவிடுவான். அவனுக்கு எதற்கு இது? பெற்றோர் விருப்பத்துக்கே விட்டுவிடலாமே?”

விடக்கூடாது என்பதே என் பதில். பள்ளியில் எல்லாப் பரிசோதனையையும் கட்டாயமாக்கச் சொல்பவன் அல்ல நான். பதின்ம வயதினர் அனைவருக்கும் முதுகெலும்பு வளைவைச் சோதிப்பதால் நன்மை உண்டா என்று தீர்மானிக்கப் போதிய சான்றில்லை என அமெரிக்காவின் நோய்த்தடுப்பு நிபுணர் குழு 2018இல் கூறியது. அதே குழு, மூன்று வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் எல்லாக் குழந்தைகளின் கண்ணையும் ஒரு முறையாவது சோதிக்கும்படி 2017இல் பரிந்துரைத்தது. அப்படிச் சொல்ல வைத்த குறைபாட்டின் பெயர் அம்ப்ளியோப்பியா.

மகன் பேருந்து எண்ணைப் படித்தது இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு. ஒரு கண் நன்றாக இருந்தாலே அதற்குப் போதும். மற்றக் கண்ணில் தூரப்பார்வைக் குறையோ உருச்சிதறலோ அதிகமாக இருந்தால் மூளைக்கு ஒரு தெளிந்த படமும் ஒரு மங்கிய படமும் போகும். இரண்டையும் பொருத்த முடியாத மூளை, மங்கியதை ஒதுக்கிவிடும். அம்ப்ளியோப்பியா என்பது இதுதான். பிள்ளைக்கு வலியில்லை, தலைவலிகூட இருக்காது. பிறந்ததிலிருந்து அப்படியே பார்த்துப் பழகியவனுக்குக் குறை சொல்ல எதுவும் தோன்றாது. பெற்றோர் எவ்வளவு அக்கறையாக இருந்தாலும் இதைக் கண்டுபிடிப்பது கடினம்.

மூளை எப்படி ஒதுக்குகிறது என்பதுதான் எனக்கு எப்போதும் வியப்பு. 1960களில் ஹார்வர்டில் டேவிட் ஹியூபெலும் டோர்ஸ்டன் வீசலும் பூனைக்குட்டிகளின் ஒரு கண் இமையைத் தைத்து, சில மாதம் கழித்துப் பிரித்தார்கள். விழித்திரையில் பழுதில்லை. ஆனால் பார்வைப் புறணியில் அந்தக் கண்ணுக்குப் பதில் தரும் நரம்பணுக்கள் ஏறக்குறைய காணாமல் போயிருந்தன. வளர்ந்த பூனைக்கு அதையே செய்தபோது இந்தப் பாதிப்பு இல்லை. அடுத்து இரண்டு கண்களையும் மூடினார்கள். இழப்பு இரட்டிப்பாகும் என்றுதானே நினைப்போம்? மாறாக, எதிர்பார்த்ததைவிட நிறைய நரம்பணுக்கள் இயங்கிக்கொண்டிருந்தன. வெளிச்சம் கிடைக்காததைவிட, பக்கத்துக் கண்ணோடு போட்டியிட்டுத் தோற்பதுதான் கண்ணுக்குப் பெரிய கேடு. இந்த ஆய்வுகள் 1981இல் இருவருக்கும் நோபல் பரிசில் பங்கு பெற்றுத் தந்தன.

பிரிக்பீல்ட்ஸ் தீபாவளிச் சந்தையை எண்ணிப் பாருங்கள். அடுத்தடுத்து இரண்டு கடைகள். ஒருவர் சரக்கை விரிக்காமல் சும்மா இருந்தால், பக்கத்துச் சேலைக்காரர் முதலில் ஒரு மேசையைத் தள்ளிப்போடுவார், பிறகு ஒரு கம்பியைக் கட்டுவார், கடைசியில் முழு இடமும் அவருடையது. இரண்டு பேருமே வராவிட்டால் எல்லைக்கோடு அப்படியே கிடக்கும். சிகிச்சையாக நல்ல கண்ணை ஒட்டுப் போட்டு மூடுவது, சேலைக்காரரைத் தினமும் சிறிது நேரம் கடையடைக்கச் சொல்லி, இடம் இழந்தவரை விரிக்கச் சொல்வது. நாளாக நாளாக மாநகராட்சி வந்து கம்பங்களைச் சிமெண்டு போட்டு இறுக்கிவிடும். மூளையில் அந்தச் சிமெண்டும் உண்டு: சர்க்கரையும் புரதமும் சேர்ந்த ஒரு வலை, சில நரம்பணுக்களைச் சுற்றி வளர்ந்து இணைப்புகளை நிலைப்படுத்துகிறது. 2002இல் வளர்ந்த எலிகளுக்கு ஒரு நொதியைச் செலுத்தி இந்த வலையைக் கரைத்தபோது, மூடிப்போன போட்டி மீண்டும் தொடங்கியது. எலியில் நடந்தது அது. இதைக் காட்டி யாராவது உங்களிடம் மருந்து விற்க வந்தால் வாங்காதீர்கள்.  

உண்மையான சிகிச்சை மலிவானது. முதலில் கண்ணாடி, தேவைப்பட்டால் நல்ல கண்ணுக்கு ஒட்டு. ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு, குறைபாடு மிதமானதாக இருந்தால், நாளுக்கு 2 மணி நேர ஒட்டு 6 மணி நேர ஒட்டுக்கு நிகரான பலனைத் தந்தது என 2003இல் ஓர் ஆய்வு காட்டியது. ஏழு வயது தாண்டினாலும் கதவு முழுக்க மூடிவிடுவதில்லை. 12 வயது வரை பலருக்குப் பார்வை தேறியிருக்கிறது. ஆனாலும் முந்துவது நல்லது.

ஒரு கண் போதாதா என்று கேட்பவர்களுக்கு: நெதர்லாந்தின் ரோட்டர்டாம் ஆய்வில், வாழ்நாளில் இரு கண் பார்வையும் குறையும் வாய்ப்பு மற்றவர்களுக்கு 10 விழுக்காடு, அம்ப்ளியோப்பியா உள்ளவர்களுக்கு 18.

பள்ளிப் பார்வைச் சோதனையின் வரலாறு சுருக்கமானது. ஸ்னெலன் எழுத்துப் பலகை 1862இல் வந்தது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம் 1899இல் பள்ளிகளில் பார்வைச் சோதனையைச் சட்டமாக்கியது. மலேசியாவில் பள்ளிச் சுகாதாரச் சேவை 1967இல் தொடங்கியது.

நம் பக்கத்திலேயே கோம்பாக் மாவட்டத்தில் 7 முதல் 15 வயது வரையிலான 4,634 பிள்ளைகளைச் சோதித்து 2005இல் வெளியான ஆய்வு, கண்ணாடி இல்லாமல் 17.1 விழுக்காட்டினருக்குப் பார்வை குறைவு என்றது. கண்ணாடி உள்ளவர்கள் அதைப் போட்டுக்கொண்ட பிறகும் 10.1 விழுக்காட்டினருக்குக் குறை இருந்தது. கவனியுங்கள், இந்தக் கணக்கு நல்ல கண்ணை வைத்துப் போட்டது. ஒரு கண் மட்டும் கெட்ட பிள்ளை இதில் வரவே மாட்டான்.

அதனால் சோதிக்கும் முறையும் முக்கியம். பிள்ளையின் கையாலேயே கண்ணை மூடச் சொன்னால் விரலிடுக்கில் பார்ப்பான். வரிசையில் நிற்பவன் முன்னால் நிற்பவன் சொல்வதைக் கேட்டு எழுத்துகளை மனப்பாடம் செய்துவிடுவான். அட்டையால் மூடி, இடவலம் மாற்றிக் கேட்கும் தாதிக்கு நேரம் வேண்டும். நல்ல கண்ணை மூடியதும் அட்டையைத் தள்ளிவிட்டுச் சிணுங்கும் பிள்ளையை அடம்பிடிக்கிறான் என்று அதட்டி அனுப்பிவிடக் கூடாது. அவனைத்தான் இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

கட்டாயம் என்பது சோதனையோடு நிற்கக் கூடாது. தமிழ்நாட்டில் 2009இல் வந்த கண்ணொளி காப்போம் திட்டம் மாணவர்களுக்கு இலவசக் கண்ணாடியையும் கொடுத்தது. இங்கும் சுகாதார அமைச்சு தனியார் பாலர் பள்ளிகளையும் சேர்த்து நான்கு, ஐந்து வயதிலேயே சோதனையைக் கட்டாயமாக்கட்டும். பரிந்துரைக் கடிதம் வாங்கிய எத்தனை பிள்ளைகள் கண்ணாடி போட்டார்கள் என்று கணக்கும் காட்டட்டும். கிள்ளான் வாசகிக்கு ஒன்று: மகனைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். கடிதம் வந்தால் அடுத்த பள்ளி விடுமுறைக்குக் காத்திராமல் அந்த வாரமே கண் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.