காந்தக் குகைக்குள் போகுமுன்

சங்க மலருக்கு விஞ்ஞானக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று ஆசிரியர் கேட்டபோது, விண்மீன்களைப் பற்றி எழுதுவதாகத்தான் வாக்களித்திருந்தேன். இடையில் என் அறைத் தோழனின் தந்தையார் ஊரிலிருந்து டில்லிக்கு வந்தார். வந்த இடத்தில் ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தது. அங்கே நான் செய்த ஒரு பிழையை நினைத்தால் இன்றும் உடல் நடுங்குகிறது. ஆகவே விண்மீன்கள் அடுத்த மலருக்குக் காத்திருக்கட்டும்.

பெரியவர் கோவில்பட்டிப் பக்கம் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். சில மாதங்களாக அவருக்குத் தலைவலி. ஒரு காதில் இரைச்சல். மூளையை எம்.ஆர்.ஐ. படம் எடுக்க வேண்டும், மருந்து ஏற்றியும் எடுக்க வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். தோழனுக்கு அன்று பரீட்சை. பௌதிகம் படிப்பவன், கொஞ்சம் இந்தி பேசுபவன் என்னும் இரு தகுதிகளோடு நான் துணைக்குச் சென்றேன்.

ஊழியர் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு இந்தியில் மளமளவென்று கேள்விகளை அடுக்கினார். பின்னால் பெருங்கூட்டம். நான் பெரியவர் காதில், "ஐயா, எதைக் கேட்டாலும் 'நஹீ' என்று சொல்லிவிடுங்கள், சீக்கிரம் முடிந்துவிடும்" என்றேன். அவரும் எல்லாவற்றுக்கும் 'நஹீ' சொன்னார். சட்டையைக் கழற்றும்போதுதான் மெல்லக் கேட்டார்: "ஏன் தம்பி, கடைசியில் 'ஆங்க்' என்று ஏதோ கேட்டாரே, அது கண்ணைத்தானே? எனக்கு இருபது வருஷத்துக்கு முன்னால் கண்ணில் இரண்டு தடவை இரும்புத் தூள் விழுந்தது. ஒன்றை டாக்டர் எடுத்தார். இன்னொன்று தானாகப் போயிருக்கும் என்று விட்டுவிட்டேன்."

என் வயிறு கலங்கியது. ஏன் கலங்கியது என்று சொல்வதற்கு அந்த இயந்திரத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும்.

எம்.ஆர்.ஐ. என்பது எக்ஸ்-ரே அன்று. உடம்பைத் துளைத்து அணுக்களைச் சிதைக்கும் கதிர் எதுவும் அதில் கிடையாது. நம் உடம்பில் நிறைந்திருக்கும் நீரின் ஹைட்ரஜன் கருக்கள் ஒவ்வொன்றும் ஒரு சிறு காந்தம் போன்றவை. பெருங் காந்தம் ஒன்றுக்குள் உடம்பை வைத்தால் அவற்றுள் ஒரு சிறு பங்கு கூடுதலாக ஒரே திசையை நாடும். அப்போது ரேடியோ அலையால் அவற்றைத் தட்டிவிட்டால், திரும்பி நிலைக்கு வரும்போது அவை மெல்லிய சமிக்ஞை தரும். அந்தச் சமிக்ஞையிலிருந்து கணக்கிட்டு எடுப்பதே படம். இதற்கு வழிகண்ட லாட்டர்பர், மான்ஸ்ஃபீல்டு என்னும் இருவருக்கும் 2003-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

அந்தக் காந்தத்தின் வலிமையை எண்ணிப் பாருங்கள். சாதாரணமாக ஆஸ்பத்திரிகளில் இருப்பது 1.5 டெஸ்லா அல்லது 3 டெஸ்லா. திசைகாட்டி முள்ளைத் திருப்பும் பூமியின் காந்தத்தைவிட 1.5 டெஸ்லா ஏறக்குறைய 30,000 மடங்கு. ‑269 டிகிரிக் குளிரில், திரவ ஹீலியத்தில் மூழ்கிய கம்பிச் சுருளில் மின்சாரம் தடையின்றி ஓடிக்கொண்டிருப்பதால் இவ்வலிமை கிடைக்கிறது. படம் எடுக்காத நேரத்திலும் அது ஓடிக்கொண்டுதான் இருக்கும். விளக்கை அணைத்துவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போனாலும் காந்தம் உறங்குவதில்லை.

இந்த ஒன்றை அறியாமையால் உயிர்கள் போயிருக்கின்றன. 2001-இல் நியூயார்க் மாநிலத்தில் ஆறு வயதுச் சிறுவன் உள்ளே படுத்திருக்கும்போது ஆக்ஸிஜன் சிலிண்டர் பறந்துவந்து தலையில் மோதி இறந்தான். 2018 ஜனவரியில் நம் மும்பை நகரில், நோயாளிக்குத் துணையாக வந்த 32 வயது இளைஞர் ஒருவர் ஆக்ஸிஜன் சிலிண்டரை உள்ளே எடுத்துச் சென்றபோது இழுக்கப்பட்டு மாண்டார். இயந்திரம் ஓடவில்லை, எடுத்துப் போகலாம் என்று ஊழியர் சொன்னதாக உறவினர் கூறினர். 2025 ஜூலையில் மறுபடியும் நியூயார்க் மாநிலத்தில், கழுத்தில் கனத்த இரும்புச் சங்கிலியோடு அறைக்குள் நுழைந்த ஒருவர் உயிரிழந்தார். மூன்று பேரில் படம் எடுக்கப் போனவன் அந்தச் சிறுவன் ஒருவனே! துணைக்குப் போகிறவர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

பறந்து வரும் சிலிண்டரையாவது கண்ணால் காணலாம். கண்ணுக்குள் ஒளிந்திருக்கும் தூளை யார் காண்பது? விழிக்குள் தங்கிய இரும்புத் துகள் காந்தத்தின் இழுப்பில் அசைந்தால் விழித்திரையைக் கிழித்துவிடக் கூடும். உலோகத் தொழிலாளி ஒருவர் இப்படிப் பார்வை இழந்த செய்தி 1986-இலேயே மருத்துவ ஏட்டில் வெளியாயிற்று. நான் 'நஹீ' சொல்லச் சொன்ன கேள்வி அதுதான்.

ஓடிப்போய் ஊழியரிடம் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை, முதலில் கண்ணை எக்ஸ்-ரே எடுத்து வாருங்கள் என்று அனுப்பினார். நல்லவேளையாக, துகள் எதுவும் இல்லை. இரண்டு மணி நேரம் தாமதம், அவ்வளவுதான்.

அடுத்த தகராறு அரைஞாணைப் பற்றியது. பெரியவரின் இடுப்பில் வெள்ளி அரைஞாண். "வெள்ளியைக் காந்தம் இழுக்காதே தம்பி, பட்டறைக்காரனுக்குத் தெரியாதா?" என்று வாதாடினார். அவர் சொன்னது சரியே. ஆனால் இழுப்பு மட்டும் ஆபத்தன்று. இடுப்பைச் சுற்றிய உலோக வளையத்தில் ரேடியோ அலை மின்னோட்டத்தைத் தூண்டும். வளையம் சூடேறித் தோலைச் சுடும். உலோகமே வேண்டாம், கையோடு தொடை, காலோடு கால் வெறுந்தோலாகத் தொட்டு வளையம் போல அமைந்தாலும் அவ்விடத்தில் கொப்புளம் வரலாம். இடையில் துணி வைப்பது அதனால்தான். தாயத்து, மெட்டி, கொண்டை ஊசி எல்லாவற்றுக்கும் இதே விதி. நம் தாய்மார்கள் தாலிச் சரட்டில் கோத்துவைக்கும் ஊக்கை மறக்கவே கூடாது. பொன் சும்மா இருக்கும், ஊக்கு எஃகு! உலோகப் பூச்சுள்ள மருந்துப் பட்டைகளையும் உரித்துவிட வேண்டும்.

இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்தவர்கள், மூளை இரத்தக் குழாயில் கிளிப் போட்டவர்கள், காதுக்குள் கருவி பொருத்தியவர்கள் அதற்குரிய அட்டையைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். பழைய கருவிகள் பலவற்றுக்கு எம்.ஆர்.ஐ. ஆகாது, புதியனவற்றுள் பல நிபந்தனையோடு ஆகும். எது எந்த வகை என்பதை அட்டை சொல்லுமே தவிர நம் ஞாபகம் சொல்லாது.

மற்ற உபத்திரவங்கள் சில்லறையானவை. சத்தம் 100 டெசிபெலைத் தாண்டும், ஆகவே காதடைப்பான் கேட்டு வாங்குங்கள். சிலருக்குத் தலைசுற்றல், தசைத்துடிப்பு, குகைக்குள் மூச்சுமுட்டும் அச்சம் ஏற்படும். கையில் தரும் ரப்பர் குமிழை அழுத்தினால் உடனே வெளியே இழுத்துவிடுவார்கள்.

இனி அந்த 'சாயம்'. "அதை ஏற்றினால் கிட்னி போய்விடும் என்று ஊரில் சொன்னார்களே" என்று பெரியவர் கேட்டார். முதலாவது, அது சாயமே அன்று, நிறமற்ற திரவம். அதிலுள்ள காடோலினியம் என்னும் உலோகத்தின் அயனியில் ஏழு தனி எலக்ட்ரான்கள் இருப்பதால், பக்கத்து நீரின் ஹைட்ரஜன் கருக்கள் விரைவில் நிலைக்குத் திரும்புகின்றன. கட்டியோ வீக்கமோ இருக்குமிடம் படத்தில் வெளிச்சமாகத் தெரிகிறது. தனித்த காடோலினியம் நஞ்சு. கால்சியத்தை ஒத்த பருமன் உடையதாதலால் கால்சியத்தின் வேலைகளில் புகுந்து கெடுக்கும். எனவே அதை ஒரு கரிம மூலக்கூற்றுக் கூண்டில் அடைத்தே ஏற்றுகிறார்கள். சிறுநீரகம் நலமாக இருந்தால் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் பாதி வெளியேறிவிடும்.

ஊரார் அச்சம் சி.டி. ஸ்கேனுக்கு ஏற்றும் அயோடின் மருந்திலிருந்து வந்திருக்க வேண்டும். அது வேறு, இது வேறு. காடோலினியத்தைப் பொறுத்தவரை, கிட்னியை அது கெடுக்கிறதா என்பதைவிட, கெட்ட கிட்னி அதை வெளியேற்றாமல் விடுகிறதா என்பதே பெரிய கேள்வி. 1997 முதல் சில சிறுநீரக நோயாளிகளுக்குத் தோல் மரம்போல் இறுகி, மூட்டுகள் மடங்காமற் போயின. காரணம் காடோலினியம் என்ற ஐயம் 2006-இல்தான் எழுந்தது. கூண்டுகளில் இருவகை உண்டு: நீண்ட சங்கிலி, மூடிய வளையம். சங்கிலியிலிருந்து உலோகம் எளிதில் நழுவும். சிறுநீரகம் நன்றாக உள்ளவர்களின் மூளையிலும் சிறிது தங்குவதாக 2014-இல் ஜப்பானிய மருத்துவர் கண்டபின், ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டாளர் 2017-இல் சங்கிலி வகையில் பெரும்பாலானவற்றை நிறுத்தினர். அப்படித் தங்குவதால் நோய் வருமென்பது நிரூபணமாகவில்லை. ஆயினும் தேவையின்றி ஏற்றக்கூடாது என்பதே என் கருத்து.

கிரியாட்டினின் பரிசோதனைச் சீட்டைக் காட்டுவதும், எந்த வகை மருந்து என்று கேட்பதும் நம் உரிமை. குமட்டல், தலைவலி சிலருக்கு வரும். கடும் ஒவ்வாமை பத்தாயிரத்தில் ஒருவருக்கோ அதனினும் குறைவாகவோதான். முன்பு வந்திருந்தால் சொல்லிவிட வேண்டும். கர்ப்பிணிகளுக்கு மிக அவசியமானால் ஒழிய ஏற்றுவதில்லை.

பெரியவரின் இரத்தப் பரிசோதனை நன்றாகவே இருந்தது. முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தவர், முதலில் அரைஞாணைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். "சத்தமா? பட்டறையில் கிரைண்டர் ஓடுகிற மாதிரி இருந்தது. தூங்கிவிட்டேன்" என்றார். படத்தில் அஞ்சத்தக்கது எதுவும் இல்லை.

அப்படிவத்தின் கேள்விகள் முழுவதையும் தமிழில் எழுதிச் சங்க அறையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறேன். ஊரிலிருந்து பெற்றோரை அழைத்துவரும் நண்பர்கள் நகல் எடுத்துக்கொள்ளலாம். துணைக்கு ஆள் வேண்டுமானால் நானும் வருவேன். பரீட்சை நாட்கள் மட்டும் நீங்கலாக.