ஊர்ப் பொது மரங்களைப் பேணும் முறை



நீங்கள் நாள்தோறும் பள்ளிக்கோ கல்லூரிக்கோ செல்லும் வழியில் எத்தனை மரங்களைக் கடந்து செல்கிறீர்கள் என்று எப்போதாவது எண்ணிப் பார்த்ததுண்டா? பேருந்து நிலையத்திலே ஒரு தூங்குமூஞ்சி மரம், வட்டாட்சியர் அலுவலக வாயிலிலே ஒரு வேம்பு, குளக்கரையிலே ஓர் அரசு, சந்தைத் திடலிலே இரண்டு புளிய மரங்கள். நம் சிற்றூர்கள் எல்லாவற்றிலும் இக்காட்சி உண்டு. இவை யாருடைய மரங்கள் என்று கேட்டால், 'ஊர் மரம்' என்று விடை வரும். நிழல் வேண்டும்போது அது நம் எல்லோருக்கும் உரியது. அதன் அடியில் சாக்கடைக்குப் பள்ளம் வெட்டும்போது அது ஒருவருக்கும் உரியதன்று. ஊர் மரங்களின் துன்பம் முழுவதும் இந்த வேறுபாட்டிலேயே அடங்கியிருக்கிறது.

பொது இடத்தில் மரம் வளர்ப்பது நம் நாட்டுக்குப் புதியதன்று. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகப் பேரரசர் சாலைகளின் ஓரத்தில் ஆலமரங்களை நடச் செய்ததைத் தம் தூண் கல்வெட்டிலேயே பொறித்து வைத்தார். சங்க காலத்து மன்னர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு காவல் மரம் இருந்தது. அதனை வெட்டி வீழ்த்துவதே பகைவனுக்கு வெற்றியின் அடையாளம். மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாள் அமைத்த சாலைகளும் நட்ட மரங்களும் இன்றும் தென்பாண்டி மக்களின் பேச்சில் வழங்குகின்றன. விடுதலைக்குப் பின், 1950ஆம் ஆண்டில், அப்போது மத்திய உணவு வேளாண்மை அமைச்சராயிருந்த கே. எம். முன்ஷி வனமகோத்சவம் என்னும் மரம் நடு விழாவைத் தொடங்கி வைத்தார். ஆகவே நடுவதற்கு நாம் என்றும் பின்வாங்கியதில்லை. நட்டதைப் பேணுவதிலேதான் தவறிவிடுகிறோம்.

இதற்கு ஒரு காரணம், ஒரே மரத்துக்குப் பல எசமானர்கள் இருப்பது. நெடுஞ்சாலையோரப் புளிய மரம் நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பில் இருக்கும். அதன் மேல் எழுதப்பட்டுள்ள எண்ணையும், இரவில் வண்டியோட்டிகளுக்குத் தெரியும்படி அடியில் பூசிய வெள்ளைச் சுண்ணாம்பையும் நீங்கள் கண்டிருப்பீர்கள். தெருவிலும் பூங்காவிலும் உள்ளவை நகராட்சி அல்லது பேரூராட்சியைச் சார்ந்தவை. புறம்போக்கு நிலத்து மரங்கள் வருவாய்த் துறைக்கு உரியவை. கிளை மின்கம்பியைத் தொட்டால் மின்வாரியத்தார் வருவார்கள். அண்மை ஆண்டுகளில், அரசு நிலத்து மரங்களை வெட்டுவது பற்றி முடிவு செய்ய, மாவட்ட ஆட்சியர் தலைமையில் பசுமைக் குழுக்கள் தமிழ்நாட்டில் அமைக்கப்பட்டுள்ளன. இது நல்ல ஏற்பாடே. ஆயினும் குழு கூடித் தடுக்கக்கூடியது கோடரியை மட்டுமே. பெரும்பாலான ஊர் மரங்கள் கோடரியால் சாவதில்லை. மெல்ல மெல்லச் சாகின்றன. அது எவ்வாறு என்பதை அறிய, மரத்தின் உடலமைப்பைச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும்.

அடிமரத்தின் நடுவிலுள்ள வைரம் மரத்தைத் தாங்கி நிற்பதற்கே பயன்படுகிறது. அதற்கு வெளியே உள்ள மென்மரம் வேரிலிருந்து நீரை மேலே கொண்டு செல்கிறது. பட்டையின் உட்புறம் இலைகள் சமைத்த உணவைக் கீழே வேருக்குக் கொண்டுவருகிறது. இவ்விரண்டிற்கும் இடையில், காகிதம் போன்று மெல்லியதாய் உள்ள வளர்படலமே மரத்தைப் பருக்கச் செய்வது. அதாவது, மரத்தின் உயிர்ப்பகுதி அதன் தோலை ஒட்டியே இருக்கிறது. விளம்பரப் பலகைக்காக நாம் அடிக்கும் ஆணி அந்தப் பகுதியிலேதான் இறங்குகிறது. அந்தப் புண்ணின் வழியே காளான் இனங்கள் நுழைந்து உள்மரத்தை உளுக்கச் செய்கின்றன. கம்பியைச் சுற்றிக் கட்டினாலோ, மரம் பருக்கப் பருக்க அது கழுத்தை நெரிக்கும். கன்றுக்குக் காவலாக வைத்த இரும்புக் கூண்டே, உரிய காலத்தில் அகற்றப்படாமையால், வளர்ந்த மரத்தின் சதைக்குள் புதைந்து கிடப்பதை எத்தனையோ தெருக்களில் காணலாம்.

வேரைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் உண்டு. மரம் மேலே எவ்வளவு உயரமோ அவ்வளவு ஆழம் வேர் கீழே சென்றிருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் நீரும் உணவும் தேடும் வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணின் இரண்டு மூன்று அடிக்குள்ளேயே, கிளைகளின் விரிவையும் தாண்டிப் பக்கவாட்டில் பரவியிருக்கின்றன. அவை மூச்சு விடுவதற்குக் காற்று வேண்டும். அடிமரத்தை ஒட்டிச் சிமெண்டுத் தளம் போட்டுவிட்டால் காற்றும் புகாது, நீரும் புகாது. 2013ஆம் ஆண்டில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், தில்லி நகர மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குள் உள்ள சிமெண்டுப் பூச்சை அகற்றுமாறு ஆணையிட்டதற்கு இதுவே காரணம்.

இங்கே என் அனுபவம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் தாவரவியல் கற்பிக்கும் ஆசிரியனாக இருந்தவன். எங்கள் பள்ளி வாயிலுக்குக் கிழக்கே, தெருவோரத்தில் பெரிய வாகை மரம் ஒன்று இருந்தது. மாலையில் பிள்ளைகள் சைக்கிளுடன் கூடி நிற்பதும், ஐஸ் வண்டிக்காரர் கடை விரிப்பதும் அதன் அடியிலேதான். ஓர் ஆண்டு கோடையில், மரத்தின் கிழக்குப் பக்கத்தில் மழைநீர் வடிகாலுக்குப் பள்ளம் தோண்டினார்கள். தொடை பருமனுள்ள வேர்கள் வெட்டுண்டு வரப்பில் கிடந்ததை நான் கண்ணால் கண்டேன். வெட்டியவர்களிடம் ஒரு சொல் சொல்லவில்லை. அது என் வேலையன்று என்று எண்ணினேன். மரம் அடுத்த ஆண்டும் தழைத்தது, பூத்தது. நானும் மறந்துவிட்டேன்.

மூன்றாம் ஆண்டு ஐப்பசி அடைமழையில், ஒரு நள்ளிரவு, கீழ்க்காற்றுக்கு அந்த மரம் வேரோடு சாய்ந்து பள்ளிச் சுற்றுச்சுவரை நொறுக்கிற்று. காற்று வரும் திசையிலுள்ள வேர்களே கூடாரக் கயிறுகளைப் போல மரத்தை இழுத்துப் பிடிப்பவை. அந்தப் பக்கத்து வேர்களைத்தான் பள்ளம் தின்றுவிட்டது. அது மாலை நான்கரை மணியாக இருந்திருந்தால்? காலையில் அந்த இடத்தில் நின்றபோது எனக்கு அந்த ஒரு கேள்வியே இருந்தது. ஊர் மக்கள் மழையைக் குறை கூறினார்கள். நான் அவ்வாறு கூற இயலவில்லை. வகுப்பிலே வேரின் தொழிலைக் கற்பித்தவன் நானல்லவா?

அடுத்த வாரம் முதல் மாணவர்களை அழைத்துக்கொண்டு தெருத் தெருவாகச் சென்றேன். ஒவ்வொரு மரத்துக்கும் ஓர் எண், அதன் இனம், தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் அளந்த சுற்றளவு, ஆணி, கம்பி, சிமெண்டு, பொந்து, சாய்வு ஆகிய குறைகள். இவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, படி ஒன்றை நகராட்சியிலே கொடுத்தோம். அதன் பயன் சிறிது காலத்திலேயே தெரிந்தது. வடிகால் வேலை எழுதப்படும்போது மரம் இருக்கும் இடம் முன்கூட்டியே கணக்கில் வந்தது. ஓரிடத்தில் வடிகாலைச் சற்றே வளைத்துக் கட்டினார்கள். பெயரும் எண்ணும் பெற்ற மரத்தைக் கேட்பாரின்றி வெட்டுவது கடினம்.

இனி, மரத்தைப் பேணும் முறைகளைச் சுருக்கமாகக் கூறுகிறேன்.

முதலாவது, இடத்துக்கேற்ற மரம். மின்கம்பியின் கீழே சரக்கொன்றை போன்ற சிறு மரங்கள் போதும். அகன்ற சாலைக்கு வேம்பு, இலுப்பை, நாவல், மருது ஆகியவை ஏற்றவை. மடகாஸ்கரிலிருந்து வந்த மயிற்கொன்றை கண்ணுக்கு இனியதாயினும் அதன் கிளை எளிதில் முறியும். ஆதலால் மக்கள் கூடும் இடத்துக்கு ஆகாது.

இரண்டாவது, காலம். வனமகோத்சவம் ஜூலைத் திங்களில் வருகிறது. அது தென்மேற்குப் பருவமழை பெறும் நாடுகளுக்குப் பொருந்தும். தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு வடகிழக்குப் பருவமழையே உயிர். எனவே புரட்டாசி, ஐப்பசியில் நடுவதே அறிவுடைமை. மூன்றடிக் குழி தோண்டி, மேல்மண்ணுடன் மட்கிய எருவைக் கலந்து நட வேண்டும். கன்று வேர்கொண்ட பின் தினமும் ஒரு செம்பு நீர் தெளிப்பதைவிட, வாரத்துக்கு ஒருமுறை மண் ஆழமாக நனையும்படி ஊற்றுவது நலம். வேர் நீரைத் தேடிக் கீழே இறங்கும். இரண்டு மூன்று கோடைகளைக் கடத்திவிட்டால் பின்னர் மரம் தன்னைத் தானே காத்துக்கொள்ளும்.

மூன்றாவது, கிளை கழித்தல். கனத்த கிளையை மேலிருந்து ஒரே வெட்டாக வெட்டினால், விழும்போது பட்டையைக் கிழித்துக்கொண்டு விழும். முதலில் அடிப்புறத்தில் சிறிது அறுத்து, அதற்குச் சற்று வெளியே மேற்புறமிருந்து அறுத்துக் கிளையை வீழ்த்த வேண்டும். பின்னர் எஞ்சிய கட்டையை, கிளை தொடங்கும் இடத்திலுள்ள வளையம் போன்ற புடைப்புக்கு வெளியே ஒட்ட அறுக்க வேண்டும். அந்தப் புடைப்பிலிருந்தே புண்ணை மூடும் திசு வளர்கிறது. மரம் புண்ணை ஆற்றிக்கொள்வதில்லை; அதனைச் சுவர் எழுப்பி அடைத்துவிடுகிறது என்பதை அமெரிக்க அறிஞர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்து விளக்கினார்.

2018 நவம்பரில் வந்த கஜா புயலில் காவிரிப் படுகை மக்கள் எண்ணற்ற மரங்களை ஒரே இரவில் இழந்தார்கள். புயலை நாம் நிறுத்த இயலாது. ஆனால் புயலுக்கு முன்பே வேரை வெட்டி வைக்காதிருக்க நம்மால் இயலும்.

மாணவர்களே, உங்களிடம் நான் வேண்டுவது பெரிய காரியம் ஒன்றுமில்லை. உங்கள் தெருவிலுள்ள மரங்களை எண்ணுங்கள், எழுதி வையுங்கள். பள்ளம் தோண்டுவோரைக் கண்டால் நின்று, பணிவுடன், ஒரு சொல் சொல்லுங்கள். நான் அன்று சொல்லாது விட்ட சொல் அது. எங்கள் பள்ளி வாயிலில் இப்போது ஓர் இலுப்பைக் கன்று நிற்கிறது. அதன் நிழலில் பிள்ளைகள் ஒதுங்க இன்னும் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை அதன் அடியில் ஒருவரும் பள்ளம் வெட்டாதிருக்க வேண்டும்.