வேளாங்கண்ணியில் கொடி ஏறும் நாள்களில் தென்துருவத்தில் விழும் ஓட்டை!

ஆகஸ்ட் 29. வேளாங்கண்ணியில் கொடியேற்றம். லாட்ஜ்கள் நிரம்பி, ஏ.சி-க்கள் இரவு பகலாக ஓடும் நேரம். கிட்டத்தட்ட அதே நாள்களில், அன்டார்க்டிகா வானில் ஓசோன் படலம் மெலியத் தொடங்குகிறது. இது ஆண்டுதோறும் நடக்கிறது.

காரணம், பழைய ஃப்ரிட்ஜ், ஏ.சி, ஸ்பிரேக்களிலிருந்து உலகம் முழுக்கக் கசிந்த சி.எஃப்.சி வாயுவில் இருக்கும் குளோரின். சரி, ஆளே இல்லாத தென்துருவத்தில் ஏன் ஓட்டை?

விடை பனித்துகளில் இருக்கிறது. மேல் வானில் குளோரினின் பெரும்பகுதி, ஓசோனைத் தொடாத இரண்டு சேர்மங்களில் கட்டுண்டு கிடக்கும். துருவக் குளிர்காலத்தில் மாதக்கணக்கில் சூரியன் வராது. குளிர் மைனஸ் 78 டிகிரிக்கும் கீழே போகும். அப்போது 15 முதல் 25 கி.மீ உயரத்தில் மேகங்கள் உருவாகும். அந்தப் பனித்துகளின் மேற்பரப்பில் இரு சேர்மங்களும் வினைபுரிய, குளோரின் வாயு விடுபடும். வெயில் வந்ததும் அது அணுக்களாக உடையும். ஒரே அணு ஆயிரக்கணக்கான ஓசோன் மூலக்கூறுகளை அழிக்கும்!

ஓட்டை பற்றிய தகவல் வெளியானது 1985-ல். பனிமேகம்தான் காரணம் என 1986-ல் விளக்கியவர்களில் முக்கியமானவர் அமெரிக்க விஞ்ஞானி சூசன் சாலமன். மறு ஆண்டே மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது, சி.எஃப்.சி படிப்படியாக ஒழிந்தது. 2066 வாக்கில் அன்டார்க்டிகாவின் ஓசோன் 1980-ன் நிலைக்குத் திரும்பும் என்பது ஐ.நா-வின் கணிப்பு.

ஆனால், பழைய ஏ.சி-க்களில் இருக்கும் ஆர்-22 வாயுவிலும் குளோரின் உண்டு. சர்வீஸின்போது மெக்கானிக் அதைக் காற்றில் திறந்துவிடாமல், சிலிண்டரில் பிடிக்கச் சொல்லுங்கள்!