மண்ணுக்குள்ளேயே வளர்த்த மருந்து

1943-ல அமெரிக்காவோட ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்துல, செல்மன் வாக்ஸ்மன் ஆய்வகத்துல ஆல்பர்ட் ஷாட்ஸ் ஒரு மண் பாக்டீரியாவிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரிச்சார். காசநோய்க்குக் கிடைச்ச முதல் ஆன்டிபயாட்டிக். அதுக்கப்புறம் கம்பெனிகள் உலகம் பூரா மண்ணை அள்ளித் தேடின. கிடைச்ச மருந்தே திரும்பத் திரும்பக் கிடைக்க, விட்டுட்டாங்க.

மண்ணுல சரக்கு தீர்ந்துடுச்சா? இல்லைங்க. மண் பாக்டீரியாவுல சுமார் 99 சதவீதம் ஆய்வகத் தட்டுல வளரவே வளராது. இத்தனை வருஷம் தேடினது மிச்சத்துல மட்டும்தான்.

பாஸ்டன்ல நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ஸ்லாவா எப்ஸ்டீன், கிம் லூயிஸ் குழு பயன்படுத்தின ஐசிப் எனக்கு ரொம்பப் பிடிச்ச கருவி. பொடிப்பொடி துளைகள் உள்ள ஒரு தகடு, அவ்வளவுதான். மண் கரைசலை நல்லா நீர்க்க வச்சு, துளைக்கு ஒரு பாக்டீரியாங்கிற அளவுல அடைக்கிறாங்க. ரெண்டு பக்கமும் சவ்வு ஒட்டி, திரும்ப மண்ணுக்குள்ளயே வச்சுடறாங்க. சத்து உள்ளே வரும், பாக்டீரியா வெளியே போகாது. நம்ம பாஷையில சொன்னா, டெஸ்ட் சர்வர்ல ஓடாததை புரொடக்‌ஷன்லயே ஓட்டிப் பார்க்கிறது!

அப்படி மெய்ன் மாநிலப் புல்வெளி மண்ணிலிருந்து வந்ததுதான் டெய்க்ஸோபேக்டின். 2015-ல அறிவிச்சாங்க. பாக்டீரியா சுவர் கட்டப் பயன்படுத்துற கொழுப்பு மூலக்கூறை இது பிடிச்சுக்குது. புரதத்தைத் தாக்கினா ஒரு ஜீன் மாற்றத்துல கிருமி தப்பிச்சிடலாம். கொழுப்புல அது அவ்வளவு சுலபமில்லை.

ஆனா ஈ.கோலை, கிளெப்சியெல்லாவுக்கு வெளியே இன்னொரு சவ்வு இருக்கு. டெய்க்ஸோபேக்டின் அதைத் தாண்டாது. நம்மூர் ஐசியூக்கள்ல பெரிய தலைவலியே அந்த வகைதான். அதுக்கு மருந்து தேடி லூயிஸ் குழு மண்ணுல வாழற நூற்புழுவின் குடல் பாக்டீரியா வரைக்கும் போனாங்க. அதை அடுத்த எபிசோட்ல பேசுவோம்.