பேறுகால வகுப்புக்குப் பணம் கட்டத்தான் வேண்டுமா?

திருமணம் முடிக்க விரும்பும் இளைஞரையும் இளம்பெண்ணையும் பங்குக் குரு முதலில் திருமணத் தயாரிப்பு வகுப்புக்கு அனுப்பி வைக்கிறார். புதுநன்மை வாங்கப்போகும் சிறுவனுக்கு மாதக்கணக்கில் மறைக்கல்வி உண்டு. உறுதிபூசுதலுக்கும் அவ்வாறே. ஆனால், முதன்முதலாகத் தாயும் தந்தையும் ஆகப்போகின்றவர்களுக்கு என்ன தயாரிப்பு இருக்கிறது? ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ வளையல் அடுக்கி, கலவைச் சோறு சமைத்து, பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்வதோடு கடமை முடிந்தது என்று எண்ணுவோரே பலர்.

இக்குறையை நிரப்புவதாகக் கூறிக்கொண்டு இன்று கட்டண வகுப்புகள் புறப்பட்டிருக்கின்றன. பெருநகரங்களில் தொடங்கிய இவை, கைப்பேசி வழியாகப் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் வந்துவிட்டன. சில ஆயிரம் ரூபாய் கட்டினால், மூச்சை எவ்வாறு இழுத்து விடுவது, நோவு தொடங்கியதை எவ்வாறு அறிவது, குழந்தைக்கு எவ்வாறு பால் கொடுப்பது என்றெல்லாம் திரையில் தோன்றும் ஆசிரியை கற்பிக்கிறார். மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் பயிரிட்டு வாழும் குடும்பத்திற்கு இத்தொகை சிறிதன்று. சிமெண்டு ஆலைக்குக் கூலிவேலைக்குச் செல்லும் குடும்பத்திற்கும் அப்படியே. அதைக் கட்டத்தான் வேண்டுமா? கட்டாவிட்டால் பிறக்கப்போகும் பிள்ளைக்குக் குறை வைத்தவர்கள் ஆவோமா?

இவ்வகுப்புகளின் பிறப்பைச் சற்றே நோக்குவோம். இங்கிலாந்து நாட்டு மருத்துவர் கிராண்ட்லி டிக்-ரீட் என்பவர், பேற்று நோவைப் பெருக்குவது அச்சமே என்று 1933-ல் நூல் எழுதினார். அஞ்சுகிறவளின் உடல் இறுகுகிறது. இறுகிய உடலில் வலி கூடுகிறது. கூடிய வலி மீண்டும் அச்சத்தை வளர்க்கிறது என்பது அவர் கண்ட உண்மை. பிரெஞ்சு மருத்துவர் பெர்னான் லமாஸ் 1951-ல் சோவியத் நாட்டுக்குச் சென்று, மூச்சுப் பயிற்சியாலும் விளக்கக் கல்வியாலும் நோவைத் தணிக்கும் முறையைக் கண்டுவந்தார். பாரிஸ் நகரில் உலோகத் தொழிலாளர் சங்கத்தின் மருத்துவமனையில்தான் அதை நடைமுறைப்படுத்தினார். ஆம், தொழிலாளர் குடும்பத்துப் பெண்களுக்காகத் தொடங்கிய கல்விதான் இன்று வசதி படைத்தோரின் கைப்பொருளாக விற்கப்படுகிறது.

அந்நாளில் கத்தோலிக்கர் சிலருக்கு ஓர் ஐயம் எழுந்தது. ஏவாளுக்கு இறைவன் உரைத்ததாகத் தொடக்க நூலின் 3-ஆம் அதிகாரத்தில் வரும் வாக்கியத்தை எண்ணி, நோவைக் குறைப்பது முறையாகுமா என்று வினவினர். 1956-ஆம் ஆண்டு ஜனவரி 8-ஆம் நாள் மகப்பேற்று மருத்துவர்களிடையே உரையாற்றிய பாப்பரசர் 12-ஆம் பத்திநாதர், இதற்குத் தெளிவாக விடையளித்தார். இம்முறையில் ஒழுக்கத்திற்கு மாறானது எதுவுமில்லை. மறைநூல் வாக்கியம் அறிவியலின் துணையை நாடுவதைத் தடுக்கவில்லை என்றார். இறைநம்பிக்கையற்ற நாட்டில் வளர்ந்த முறை என்பதற்காக அதன் மருத்துவப் பயனைத் தள்ளிவிட வேண்டியதில்லை என்பதையும் அவர் எடுத்துரைத்தார். ஆகவே, கற்கலாமா என்ற கேள்விக்குத் திருச்சபை பல்லாண்டுகளுக்கு முன்பே பதில் தந்துவிட்டது. எஞ்சி நிற்பது பணம் பற்றிய கேள்வியே.

பணம் கட்டிக் கற்பதால் பேறு எளிதாகுமா? ஆய்வுகள் கூறுவது விற்பவர் கூறுவதைப் போன்று இனிப்பாக இல்லை. பேறுகாலக் கல்வி குறித்த 9 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய காக்ரேன் அறிக்கை 2007-ல் வெளிவந்தது. 2,284 பெண்களை உள்ளடக்கிய அவ்வாய்வுகளிலிருந்து, இக்கல்வியின் பயன் இன்னதென்று அறுதியிட்டுக் கூற முடியவில்லை என்பதே அதன் முடிவு. சுவீடன் நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்டு நடந்த மற்றோர் ஆய்வு 2009-ல் வெளிவந்தது. ஒரு பாதியினர் மூச்சுப் பயிற்சியோடு கூடிய வகுப்பிலும், மறு பாதியினர் அப்பயிற்சி இல்லாத பொதுவான வகுப்பிலும் கலந்துகொண்டனர். முதுகுத்தண்டில் வலிநீக்க ஊசி போட்டுக்கொண்டோர் இரு பிரிவிலும் நூற்றுக்கு 52 பேர்! மூச்சுப் பயிற்சி தீங்கானது என்று இதற்குப் பொருளல்ல. அதைக் கற்றால் வலியே இராது என்று எவரேனும் உறுதி கூறினால், நம்ப வேண்டாம் என்பதே பொருள்.

இதற்கு மாறாக, பயன் உறுதியாகத் தெரிந்த ஒன்று உண்டு. அதற்குக் கட்டணமும் இல்லை. நோவு தொடங்கியது முதல் பிள்ளை பிறக்கும் வரை தாயின் அருகே ஒருவர் இடைவிடாது துணையிருப்பதே அது. 17 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடையே நடந்த ஆய்வுகளைத் தொகுத்த 2017-ஆம் ஆண்டின் காக்ரேன் அறிக்கை, துணையிருந்த பெண்களுக்கு நோவு நேரம் குறைந்தது, அறுவைச் சிகிச்சை குறைந்தது, மனநிறைவு மிகுந்தது என்று காட்டுகிறது. நம் தமிழ்நாடு இதை முன்னதாகவே உணர்ந்தது. அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறைக்குள் உறவுப் பெண் ஒருவர் உடனிருக்கலாம் என்ற திட்டம் 2004-ல் இங்கே தொடங்கியது. 2016-ல் நடுவண் அரசும் இதை ஏற்று, பேறு கண்ட அனுபவமுள்ள பெண் ஒருவர் துணையிருக்கலாம், பிற பெண்களின் மறைவுக்கு வழியிருக்குமாயின் கணவரையும் அனுமதிக்கலாம் என்று நெறி வகுத்தது.

தூய லூக்காஸ் நற்செய்தியின் முதல் அதிகாரத்தில், முதிர்ந்த வயதில் கருவுற்ற எலிசபெத்தம்மாளை நாடி அன்னை மரியாள் மலைநாட்டுக்கு விரைகிறார். ஏறக்குறைய மூன்று மாதம் தங்குகிறார். மே 31-ஆம் நாள் நாம் கொண்டாடும் திருநாளின் நிகழ்ச்சி இதுவே. செபமாலையில் அதை இரண்டாம் மகிழ்ச்சி மறையுண்மையாகத் தியானிக்கிறோம். ஆனால், நம் வீட்டுப் பெண் பிரசவ அறைக்குள் போகும்போது உள்ளே துணைக்குச் செல்வது யார் என்பதை முன்கூட்டியே பேசி முடிவு செய்த குடும்பங்கள் எத்தனை? கணவன் வளைகுடா நாட்டிலோ சிங்கப்பூரிலோ பிழைப்புக்குச் சென்றிருக்கும் வீடுகள் நம் இரு மாவட்டங்களிலும் ஏராளம். தம்பதியர் சேர்ந்தே அமரவேண்டும் என்று விதிக்கும் நகரத்து வகுப்பு அவ்வீடுகளுக்கு எவ்வாறு பொருந்தும்? தாயோ, அக்காளோ, நாத்தனாரோ துணை நிற்கப்போகிறார் என்றால், கற்க வேண்டியவர் அவரே.

கற்பதற்கு மட்டுமன்று, கற்றதை மறப்பதற்கும் நம் வீடுகளில் வேலை இருக்கிறது. பிள்ளை பெருத்துவிடும் என்று கர்ப்பிணியின் சோற்றைக் குறைக்கும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் உண்டு. 2019-21-ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளுள் ஏறத்தாழப் பாதிப்பேர் இரத்தசோகை உள்ளவர்கள் என்பதை அறிந்தால், அச்சோற்றைக் குறைக்கக் கை வருமா? பிள்ளை பிறந்ததும் நாவில் சேனை தொட்டு வைப்பதும், சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவதும் மற்றொரு வழக்கம். பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் அதே ஆய்வில் நூற்றுக்கு ஏறத்தாழ 60 மட்டுமே. சீம்பாலே குழந்தைக்கு முதல் தடுப்பு மருந்து. சர்க்கரைத் தண்ணீரும் தேனும் கழுதைப்பாலும் வேண்டவே வேண்டாம். வகுப்புக்கு முதலில் அனுப்பப்பட வேண்டியவர் பாட்டிமாரே என்று கூடத் தோன்றுகிறது; அவர்கள் நம்மைப் பொறுத்துக்கொள்வார்களாக!

இனி, பணமின்றிக் கிடைப்பவற்றைப் பார்ப்போம். கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்து பிக்மி எண் பெற்ற நாள் முதல் அவரே முதல் ஆசிரியை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் பெரும்பாலும் செவ்வாய்க்கிழமைகளில் கர்ப்பிணிகளைப் பரிசோதிக்கிறார்கள். 2016-ல் தொடங்கிய நடுவண் அரசுத் திட்டத்தின்படி ஒவ்வொரு மாதமும் 9-ஆம் நாள் அரசு மருத்துவமனைகளில் மருத்துவரின் இலவசப் பரிசோதனை உண்டு. அங்கன்வாடி வழியே நடைபெறும் சமுதாய வளைகாப்பில் உணவு பற்றியும் பேறு பற்றியும் கூறப்படுகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 2018-ல் 18,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதில் 4,000 ரூபாய் மதிப்பிற்கு ஊட்டச்சத்துப் பொருள்கள். அந்த உதவி தாயின் வயிற்றுக்குச் செல்லவேண்டியது. அதை எடுத்து வகுப்புக்குக் கட்டுவது நமக்குச் சரியாகப் படவில்லை.

இந்த இலவசக் கல்வியில் குறை இல்லையா? உண்டு. நீண்ட வரிசை, அவசரப் பேச்சு, கேள்வி கேட்கக் கூச்சம். கேட்டால் சினந்து கொள்வார்களோ என்ற அச்சம் வேறு. கட்டண வகுப்பின் உண்மையான நற்பயன் இங்கேதான் இருக்கிறது. கேள்விக்கு நேரம் கொடுத்துப் பதில் சொல்லும் ஒருவர் கிடைக்கிறார். பெற்றோரும் உற்றாரும் இன்றி வெளியூரில் வாழும் தம்பதியருக்கும், முதல் பேற்றில் பெருந்துன்பம் கண்டு அஞ்சி நடுங்கும் பெண்ணுக்கும், கடன் வாங்காமல் கட்ட இயலுமாயின், அப்பணம் வீணாகாது. நகையை அடகு வைத்துக் கட்டுவதற்கு மட்டும் இதில் எதுவுமில்லை.

கட்டுவதற்குமுன் சிலவற்றை வினவுங்கள். கற்பிப்பவர் செவிலியப் படிப்போ மருத்துவப் படிப்போ முடித்தவரா, அல்லது சில வாரச் சான்றிதழ் பெற்றவரா? அபாய அறிகுறிகளைக் கற்பிக்கிறாரா? அறுவைச் சிகிச்சை பற்றியும் பேசுகிறாரா? மேற்சொன்ன தேசிய ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 குழந்தைகள் அறுவைச் சிகிச்சையால் பிறந்தன. அரசு மருத்துவமனைகளில் 36, தனியாரிடத்தில் ஏறத்தாழ 64. இதில் தேவையற்றவையும் இருக்கலாம். உயிர் காத்தவையும் உண்டு. இயல்பாகப் பெற்றெடுப்பதே தாய்மையின் வெற்றி என்று புகட்டும் வகுப்பு, கத்தி வைக்கவேண்டி வந்த பெண்ணைக் குற்றவாளியைப் போல் அழவைக்கிறது. வயிற்றிலிருக்கும் பிள்ளையை மேதையாக்கித் தருவோம் என்று விளம்பரம் செய்வோரும் உளர். அவர்கள் வாசலை மிதிக்க வேண்டாம். பிள்ளை இறைவனின் கொடை; முன்பணம் கட்டிச் செய்துவாங்கும் பண்டமன்று.

அபாய அறிகுறிகள் என்றோமே, அவற்றை இங்கேயே எழுதிவிடுகிறோம். இரத்தப்போக்கு, கடுந்தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் வீங்குதல், வலிப்பு, காய்ச்சல், பனிக்குடம் உடைதல், பிள்ளையின் அசைவு குறைதல். இவற்றுள் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்கலாகாது. கடினமான பேறு என்றால் திருச்சிக்கோ தஞ்சைக்கோ ஓடவேண்டிய நிலை நமக்கு நெடுங்காலம் இருந்தது. 2022 ஜனவரியில் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது பெரும் ஆறுதல். ஆயினும் உள்கிராமங்களிலிருந்து இரவில் புறப்படும் தூரம் இன்னும் தூரமே. ஏலாக்குறிச்சி அடைக்கல அன்னைக்கு நேர்ந்துகொள்வது நம் வழக்கம். நேர்ந்துகொண்ட கையோடு வண்டிக்கும் சொல்லி வையுங்கள்.

நம் பங்குகளில் ஓய்வுபெற்ற செவிலியர் பலர் இருக்கின்றனர். மருத்துவப் பணி செய்த அருட்சகோதரியரும் உள்ளனர். மாதத்தில் ஒரு ஞாயிறு, திருப்பலி முடிந்தபின் ஒரு மணி நேரம், கர்ப்பிணிகளையும் அவர்களுக்குத் துணைசெல்லப் போகிறவர்களையும் மறைக்கல்வி அறையில் அமரவைத்து அவர்கள் பேசலாகாதா? மரியாயின் சேனையாரும் அன்பியங்களும் வீடு வீடாகச் சென்று அழைத்து வரலாம். எம்மதத்தவர் வந்தாலும் வரவேற்கலாம். செலவு ஒரு குவளைத் தேநீர்தான்.

அதுவரை, ஏழாம் மாதத்திற்குள் ஒரு தாளை எடுத்து இவற்றை எழுதிக் கதவின் பின்புறம் ஒட்டி வையுங்கள்: பிக்மி எண், இரத்த வகை, கிராம சுகாதாரச் செவிலியரின் தொலைபேசி எண், 108, இரவில் வண்டி தருபவர், தேவைப்பட்டால் இரத்தம் தரக்கூடிய இருவர், உள்ளே துணைக்குச் செல்பவர், அவர் ஊரில் இல்லையெனில் அடுத்தவர்.