சில்வர் நல்லவனா, கெட்டவனா?

அக்கா மகனுக்கு எட்டு வயது. 1950இல் டிஸ்னி எடுத்த ‘ட்ரெஷர் ஐலண்ட்’ படத்தை அவனோடு உட்கார்ந்து பார்த்தேன். பாதியில் என் சட்டையைப் பிடித்து இழுத்து, “மாமா, அந்த ஒத்தைக்கால் ஆளு நல்லவரா கெட்டவரா?” என்றான். “பாரு, தெரியும்” என்றேன். படம் முடிந்தபிறகும் அதையே கேட்டான். என் கணக்கில் படம் அங்கேயே தேறிவிட்டது.

ஒரு பழைய சாகச நாவலைக் குடும்பப் படமாக எடுத்தால் நாம் முதலில் சொல்லும் குறை, “புத்தகத்தில் இருந்தது படத்தில் இல்லையே” என்பதுதான். ‘ட்ரெஷர் ஐலண்ட்’ நாவலில் 34 அத்தியாயங்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள் அத்தனையும் எப்படி அடங்கும்? பாத்திரங்கள் குறையலாம், இரண்டு பேர் ஒருவராகலாம், கப்பல் விண்வெளிக்கே போகலாம். எதைத் தொட்டால் கதை செத்துவிடும் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் இதை எழுதத் தொடங்கியது 1881இல், ஸ்காட்லாந்தின் பிரேமார் என்ற ஊரில். மனைவியின் மகனான சிறுவன் லாய்டோடு பொழுதுபோக்காக ஒரு தீவின் வரைபடம் உருவானது. அந்த வரைபடத்திலிருந்து பிறந்ததுதான் கதை. ஒரு சிறுவர் வார இதழில் புனைபெயரில் தொடராக வந்து, 1883இல் புத்தகமானது. முதலில் வைத்த பெயர் ‘கப்பல் சமையற்காரன்’ என்ற பொருள்படும் பெயர். புதையலும் தீவும் பிற்பாடுதான் தலைப்புக்கு வந்தன. முதலில் அங்கே இருந்தவன் சில்வர்.

லாங் ஜான் சில்வருக்கு ஒரு கால் கிடையாது; தோளில் கிளி. கப்பலில் சமையற்காரன், உள்ளுக்குள் கொள்ளையர் தலைவன். சிறுவன் ஜிம் ஹாக்கின்ஸை அன்பாகப் பேசிக் கைக்குள் போட்டுக்கொள்கிறான். ஜிம்முக்கு அப்பா இல்லை, கதையின் தொடக்கத்திலேயே இறந்துவிடுகிறார். மீதியை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

11ஆம் அத்தியாயத்துக்கு வருவோம். ஆப்பிள் தின்னும் ஆசையில் ஜிம் கப்பல் தளத்தில் இருக்கும் பெரிய பீப்பாய்க்குள் இறங்குகிறான். வெளியே சில்வர் வந்து பீப்பாயில் சாய்ந்து உட்கார்கிறான். ஓர் இளம் மாலுமியைக் கலகத்துக்கு இழுக்கிறான். பயங்கரமான திட்டமெல்லாம் அப்போதுதான் ஜிம் காதில் விழுகிறது. ஆனால் அவனுக்குச் சுருக்கென்று தைப்பது வேறு. தன்னைப் பாராட்ட என்ன வார்த்தைகளைச் சொன்னானோ, அச்சுப் பிசகாமல் அதே வார்த்தைகளை அந்த மாலுமியிடமும் சொல்கிறான் சில்வர். உயிர்ப் பயத்தோடு சேர்ந்து வந்து நிற்கிறது, ‘நான் மட்டும்தான் என்று நினைத்தேனே’ என்ற வலி. எட்டு வயதுக் குழந்தைக்கும் இது புரியும். பள்ளியில் நெருங்கிய தோழன் இன்னொருவனிடம் அதே ரகசியத்தைச் சொல்லும்போது வரும் வலிதானே!

இன்னும் சில அத்தியாயங்கள் தள்ளி, கலகத்துக்கு ஒத்துழைக்க மறுத்த ஒரு மாலுமியின் முதுகில் சில்வர் தன் ஊன்றுகட்டையை எறிந்து வீழ்த்துகிறான். பிறகு கத்தி. வேலை முடிந்ததும் கத்தியைப் புல்லில் துடைக்கிறான். ஒளிந்திருந்து பார்க்கும் ஜிம்முக்கு மயக்கமே வருகிறது. இத்தனைக்குப் பிறகும் சில்வர்மீது அவனுக்கு இருக்கும் ஒட்டுதல் முழுதாக அறுவதில்லை. இந்த முடிச்சு இருக்கிறதா என்று பார்ப்பதே என் அளவுகோல். கத்தியையும் ரத்தத்தையும் காட்டவேண்டிய அவசியமில்லை. இவன் கொல்லக்கூடியவன் என்று குழந்தைக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இந்த அளவுகோலோடு 2002இல் டிஸ்னியே எடுத்த ‘ட்ரெஷர் பிளானட்’ அனிமேஷனைப் பாருங்கள். பாய்மரக் கப்பல் விண்வெளியில் மிதக்கிறது. சில்வர் பாதி மனிதன், பாதி இயந்திரம். சமையலறையில் அவனுடைய இயந்திரக் கை கத்தியாகவும் கரண்டியாகவும் மாறி மாறி வேலை செய்யும் காட்சி அபாரம். ஜிம்முக்கும் அவனுக்கும் நெருக்கம் வளர்வதையும் நன்றாகவே எடுத்திருக்கிறார்கள். ஆனால் பீப்பாய்க் காட்சியில்தான் கோளாறு. தன் ஆட்கள் சந்தேகப்படுகிறார்களே என்பதற்காக, ‘அந்தப் பொடியன் எனக்கு ஒரு பொருட்டே இல்லை’ என்று சில்வர் மழுப்புகிறான். நாவலில் ஜிம் கேட்டது உண்மை. இங்கே அவன் கேட்பது பொய். ஆகவே பார்க்கிற குழந்தைக்குக் கலக்கமே இல்லை. பாவம், தப்பாகப் புரிந்துகொண்டான் என்று ஜிம்முக்காகப் பரிதாபப்படுகிறது. கொலைப் பழியை ஸ்க்ரூப் என்ற சிலந்திப் பிறவியின் தலையில் கட்டிவிட்டார்கள். கடைசியில் சில்வர் புதையலை விட்டுவிட்டு ஜிம்மைக் காப்பாற்றுகிறான். அழகான படம், பல் பிடுங்கிய சில்வர். சுமார் 14 கோடி டாலர் செலவழித்து, உலகம் முழுக்கச் சுமார் 11 கோடிதான் திரும்பியது. அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட மாட்டேன். வசூல் வேறு கணக்கு.

1996இல் வந்த ‘மப்பெட் ட்ரெஷர் ஐலண்ட்’ நேரெதிர். கப்பல் தலைவர் ஒரு தவளைப் பொம்மை. தீவில் தனியாகக் கிடக்கும் பென் கன் இங்கே பெஞ்சமினா என்ற பன்றிச் சீமாட்டி. நாவல் பக்தர்கள் முகம் சுளிக்கலாம். ஆனால் சில்வராக நடித்த டிம் கரி பொம்மைக் கூட்டத்துக்கு நடுவில் ஒரு மனிதனாக நின்று, சிரித்துக்கொண்டே பயமுறுத்துகிறார். தொடக்கத்தில் கிழட்டுக் கொள்ளையன் பில்லி போன்ஸ் செத்து விழும்போது, இது குழந்தைகள் படமாச்சே என்று எலிப் பொம்மை அலறும். சாவை மறைக்காமல் அதையே கேலியாக்குகிற துணிச்சல் எனக்குப் பிடித்திருக்கிறது.

1950 படத்துக்குத் திரும்புவோம். சில்வராக ராபர்ட் நியூட்டன். கண்ணை உருட்டி, ‘ர்ர்ர்’ என்று இங்கிலாந்தின் தென்மேற்குப் பேச்சில் அவர் இழுத்த இழுப்புதான் இன்றைக்கு உலகமே ‘கடற்கொள்ளையர் பேச்சு’ என்று செய்துகாட்டுவது. கொஞ்சம் மிகைதான். ஆனால் முடிவைப் பாருங்கள். நாவலில் சில்வர் வழியில் ஒரு துறைமுகத்தில் ஒரு மூட்டைக் காசோடு சத்தமில்லாமல் நழுவிவிடுகிறான். படத்தில் அப்படியில்லை. தப்பும்போது படகு மணலில் தட்டி நிற்கிறது. தள்ளச் சொல்லி ஜிம்மை நோக்கித் துப்பாக்கியை நீட்டுகிறான். ஜிம் அசையவில்லை. சில்வரால் சுட முடியவில்லை. ஒற்றைக் காலோடு தானே படகைத் தள்ளத் திணறுகிறான். பார்க்கப் பொறுக்காமல் ஜிம்மே வந்து தள்ளிவிடுகிறான். நாவலில் இல்லாத காட்சி இது. ஆனால் அந்த முடிச்சை விட்டுவிடவில்லை. என் அக்கா மகன் இரண்டாவது தடவை கேள்வி கேட்டது இந்த முடிவைப் பார்த்த பிறகுதான்.

ஆறேழு வயதென்றால் பொம்மைப் படத்தில் தொடங்கலாம். எட்டு, ஒன்பது வயதுக்கு மேல் 1950 படம். ‘ட்ரெஷர் பிளானட்’ எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம், ஆனால் அதை முதல் படமாகப் போடாதீர்கள். எதைப் போட்டாலும், முந்தின நாள் இரவு அந்த 11ஆம் அத்தியாயத்தை மட்டும் தமிழில் உங்கள் வாயாலேயே கதையாகச் சொல்லிவிடுங்கள். கால்மணி நேரம்கூட ஆகாது.